சாய்ஸில் விட்ட கேள்வி

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். மெர்க்கன்டைல் லா பேப்பரில், ‘பதிவு செய்யப்படாத பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு ஏற்படும் விளைவுகள் யாவை?’ என்றொரு கேள்வி மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி வருஷம் தவறாமல் வரும். ‘நிச்சயம் வரும்டா’ என்று புரொபசர் தலையில் அடித்துச் சொன்ன கேள்வி. அடியேன் அதைச் சாய்ஸில் விட்டேன். பேப்பரில் பாஸும் ஆகிவிட்டேன். அதோடு தொலைந்தது என்றுதான் நினைத்தேன்.

தொலையவில்லை. பல வருஷம் கழித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நண்பன் வைத்திருந்த அட்டைப் பெட்டிக் கம்பெனி வாசலில் அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

நண்பன் என்றால் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். 2019-ல் வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணம், மனைவியின் நகை, கொஞ்சம் லோன் எல்லாவற்றையும் போட்டு ஒரு பழைய மெஷின் வாங்கினான். பாக்கிப் பணத்துக்குச் சகலையைச் சேர்த்துக்கொண்டான். (சகலையோடு பிசினஸ் செய்யலாமா என்று யாரும் அப்போது என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘பேஷா’ என்றுதான் சொல்லியிருப்பேன். கல்யாணத்தில் ரெண்டு பேரும் ஒரே கலரில் சட்டை போட்டிருந்தார்கள்.)

“மாப்ளே, நீ காமர்ஸ் படிச்சவன். பார்ட்னர்ஷிப் பத்திரம் ஒண்ணு எழுதிக் குடுடா. வக்கீல்கிட்டப் போனா ஆயிரக்கணக்குல கேப்பான்.”

எழுதிக் கொடுத்தேன். ஸ்டாம்ப் பேப்பரில், ஒரு பழைய பத்திரத்தைப் பார்த்துப் பேரை மாற்றி, லாபம் 60க்கு 40 என்று போட்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு ஜம்மென்று முடித்துவிட்டேன். சாட்சிகளில் ஒருவன் நான். ஃபீஸ், நாலு பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும்.

“இதை ரிஜிஸ்டர் பண்ணணுமாடா?”

“கட்டாயம் இல்லை. அப்புறம் பாத்துக்கலாம்.”

சொன்னதில் பாதி உண்மை. 1932-ம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மீதிப் பாதிதான் நான் சாய்ஸில் விட்டது.

பிசினஸ் நன்றாகவே ஓடியது. கொரோனாவையும் தாண்டிவிட்டார்கள். 2022 ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு பலகாரக் கம்பெனிக்கு தீபாவளிப் பெட்டிகள் சப்ளை செய்தார்கள். பாக்கி 4 லட்சத்து 80 ஆயிரம். தீபாவளி போனது, பொங்கல் போனது, பணம் வரவில்லை. ‘அடுத்த வாரம் சார்’ என்ற பதில் மட்டும் வாரா வாரம் வந்தது.

2024-ல் நண்பன் குடும்ப வக்கீலிடம் போனான். சாதாரண ஆள் இல்லை. நண்பனுடைய தாத்தாவின் நிலத் தகராறில் பதினோரு வருஷம் வாதாடி ஜெயித்தவர். வரப்பு, வாய்க்கால், பாகப்பிரிவினை என்றால் புலி. அவர் முதல் கேள்வியாகவே சரியானதைத்தான் கேட்டார்.

“கம்பெனியை ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்கள்ல?”

“ஓ! இருக்கே சார்!” என்று நண்பன் ஜி.எஸ்.டி. சர்ட்டிபிகேட்டைக் காட்டினான்.

அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். கம்பெனிச் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ஒன்று, மாநகராட்சி லைசென்ஸ் ஒன்று, பெட்டிகளெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கின உத்யம் ஒன்று என்று வரிசையாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தான். இத்தனை இருக்கும்போது ரிஜிஸ்டர் ஆகவில்லை என்று யாருக்குத் தோன்றும்? வக்கீலும் தலையாட்டிவிட்டு, கேஸ் போட்டார்.

2025 தொடக்கத்தில் எதிர்த்தரப்பு பதில் மனு வந்தது. ‘பெட்டி வாங்கவில்லை’ என்றோ ‘பெட்டி சரியில்லை’ என்றோ பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் பாராவிலேயே போட்டிருந்தான். வாதி நிறுவனம் பதிவு செய்யப்படவில்லை. 69-வது பிரிவுப்படி இந்த வழக்கே செல்லாது!

நண்பன் அந்தக் காகிதத்தை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். பத்து மார்க் கேள்வி. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவனுடைய ஆடிட்டர்தான் ஒரு வக்கீலம்மாவைச் சொன்னார். கம்பெனி விவகாரம், ஒப்பந்தம், பாக்கி வசூல் இதுதான் அவருக்கு முழு நேர வேலை. போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் போர்டில் ‘தோல், முடி, நகம்’ என்று பட்டியலே இருக்கும். வக்கீல் போர்டில் இன்ன விஷயத்தில் ஸ்பெஷலிஸ்ட் என்று போட்டுக்கொள்ள பார் கவுன்சில் விதியில் இடமில்லை. ஆடிட்டரையோ, அதே தொழிலில் இருக்கிற நாலு பேரையோ கேட்டுத்தான் போக வேண்டும். போன பிறகு, ‘நீங்க அதிகமா எந்த மாதிரி கேஸ் பாக்கறீங்க?’ என்று கூச்சப்படாமல் கேட்கலாம். சலூனில் கேட்கிறோமே!

வக்கீலம்மா பத்திரத்தைப் படித்தார். திருப்பிப் படித்தார்.

“இதை யார் எழுதினது?”

நான் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“பதிவு ஆகாத பார்ட்னர்ஷிப், வெளியாள்கிட்ட ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்கு கேஸ் போட முடியாது. கேஸ் போடற அன்னிக்குப் பதிவு ஆகியிருக்கணும். நடுவுல பண்ணினா அந்தக் கேஸுக்கு உதவாது. இன்னொண்ணு, இது வியாபாரத் தகராறு, 3 லட்சத்துக்கு மேல. 2015-ம் வருஷக் கமர்ஷியல் கோர்ட் சட்டத்துல வர்றது. அவசர உத்தரவு எதுவும் கேக்கலேன்னா, முதல்ல சமரசத்துக்குப் போயிட்டுத்தான் கோர்ட்டுக்கே வரணும். அது கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட்டே 2022-ல சொல்லிடுச்சு. உங்க வக்கீல் நேரா சாதாரண கோர்ட்டுல போட்டிருக்கார்.”

“அவர் ரொம்ப சீனியர் மேடம்...” என்றான் நண்பன்.

“சீனியர்தான். என்கிட்ட யாராவது பாகப்பிரிவினை கொண்டுவந்தா நான் அவர்கிட்டதான் அனுப்புவேன்.”

வழி இருந்தது. கேஸை வாபஸ் வாங்கி மறுபடி போட அனுமதி கேட்பது, பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது, சமரசத்துக்கு மனு, ஒத்துவராவிட்டால் புதுக் கேஸ். ஆனால் சரக்குப் பாக்கிக்குக் கேஸ் போட மூன்று வருஷம்தான் கெடு. முதல் பில் 2022 ஜூன். நாங்கள் உட்கார்ந்திருந்தது 2025 ஏப்ரல்.

“பதிவு ஃபாரத்துல எல்லாப் பார்ட்னரும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க.”

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மறுபடி பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். சகலையோடு பேச்சுவார்த்தை நின்று எட்டு மாசம் ஆகியிருந்தது. இரண்டு தெரு தள்ளி அவர் தனியாக ஒரு பெட்டிக் கம்பெனி ஆரம்பித்து, பழைய கஸ்டமர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, பழைய மெஷினில் பாதி தனக்கு வேண்டும் என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினில் எந்தப் பாதி என்று தெரியவில்லை.

பார்ட்னர் விலகினால் கணக்கு எப்படி, விலகினவர் அதே தொழிலைப் பக்கத்திலேயே செய்யலாமா, ஒருவர் இறந்துபோனால் என்ன? என் பத்திரத்தில் இதில் ஒரு வரி கிடையாது. காலக்கெடு இல்லாத பார்ட்னர்ஷிப் என்பதால், சகலை எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தாலே கம்பெனி கலைந்துவிடும் என்று வக்கீலம்மா சொன்னபோது நண்பன் முகம் வெளுத்துவிட்டது. விலகுகிறவர் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்று நியாயமான அளவில் எழுதிக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் உண்டாம். நாலு பரோட்டாவுக்கு அது வராது.

சரி, சகலைக்கு நோட்டீஸ் விடுவாரோ என்று பார்த்தால், வக்கீலம்மா போன் செய்து காபி சாப்பிட வரச் சொன்னார்! என் ஒரிஜினல் பத்திரம் பலன் தந்த ஒரே இடம் இதுதான். அதில் 40 சதவீதம் சகலைக்கு. அதாவது 4 லட்சத்து 80 ஆயிரத்தில் அவர் பங்கும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

“இன்னொண்ணும் சொல்லணும் சார். நீங்க இன்னும் இந்தக் கம்பெனிக்குப் பார்ட்னர்தான். பார்ட்னரா இருந்துக்கிட்டே போட்டித் தொழில் செஞ்சா, அதுல வர்ற லாபத்தைக் கம்பெனிக்கு ஒப்படைக்கணும்னு 16-வது பிரிவு. கம்பெனியைக் கலைச்சுக் கணக்குக் கேட்டு உங்க சகலை கேஸ் போட்டா அதுக்கு 69-வது பிரிவு தடையில்லை. நான் மிரட்டலை. ரெண்டு பேருக்கும் எது லாபம்னு யோசிங்க.”

காபி ஆறிப்போனது. சகலை ஒரு வாரம் யோசித்தார். நடுவில் மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சட்டம் வென்றதா, மீன் குழம்பு வென்றதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். சகலை கையெழுத்துப் போட்டார். கூடவே, பாக்கி வசூலானதும் கணக்குப் பார்த்து அவர் விலகுவது, மெஷின் நண்பனுக்கே, பதிலுக்கு இவ்வளவு தொகை என்று ஒரு ஒப்பந்தம். இந்த முறை எழுதியது நான் இல்லை.

பதிவு ஆனது. முதல் பில்லின் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சமரச மனு போனது. (சமரசம் நடக்கிற நாட்கள் அந்த மூன்று வருஷக் கணக்கில் சேராது. எங்களுக்கு உயிர் வந்தது அங்கேதான்.) பலகாரக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்தார்கள். பதிவு சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் பேச்சில் சுருதி இறங்கியது. முடிவில் 3 லட்சத்து 60 ஆயிரம், ஆறு தவணை. அப்படி எழுதிக் கையெழுத்தான சமரசத்துக்கு மத்தியஸ்தர் தீர்ப்புக்கு உள்ள பலம் உண்டு. மீறினால் நேராக நிறைவேற்றக் கேட்கலாம்.

ஒரு லட்சத்து 20 ஆயிரம் போச்சே என்று நண்பன் முணுமுணுத்தான். வக்கீலம்மா அதற்கும் ஒரு குண்டு போட்டார். சரக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே உத்யம் வாங்கியிருந்தால், 2006-ம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யம் பதிவுக்கு அரசாங்கம் வாங்கும் கட்டணம், பூஜ்யம்!

கிளம்பும்போது நான் மெல்லக் கேட்டேன். “அப்போ எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஓடி வரணுமா மேடம்?”

“வேண்டாமே. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு ஆடிட்டர் போதும். செக் திரும்பினா உங்க தெரு வக்கீலே பாத்துக்குவார். ஆனா பாங்க் தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், அதை விட்டுடாதீங்க. ஆயிரம் ரெண்டாயிரம் பாக்கின்னா வக்கீலே வேண்டாம், போன் பண்ணித் தொந்தரவு பண்ணுங்க. நாங்க வேண்டியது கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள். போட்ட மறுநாள் வந்தா ஃபீஸ் பல மடங்கு.”

முந்தின நாள் என்றால் எந்தக் கையெழுத்து? நண்பனுக்கு ஒரு பெரிய கம்பெனி அனுப்பியிருந்த பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துக் காட்டினார். பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தகராறு வந்தால் மத்தியஸ்தம் டெல்லியில். அறுபதாயிரம் ரூபாய் பெட்டிக்கு ரயில் ஏற வேண்டும்! ‘சென்னைன்னு மாத்திக் குடுங்க’ என்று ஒரு மெயில் போடச் சொன்னார். போட்டான். மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கடை வாடகையும் அப்படித்தான். ‘அஞ்சு வருஷத்துக்கு’ என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு, அலங்காரத்துக்கு எட்டு லட்சம் செலவு செய்கிறவர்கள் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகவில்லை என்றால், அந்த அஞ்சு வருஷத்தைக் கோர்ட்டில் காட்டி நிற்க முடியாது.

ஆபீசில் என் பக்கத்து சீட்காரர் ஒரு டீக்கடை ஃபிராஞ்சைஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். நாற்பது பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, “நீங்க பி.காம். ஆச்சே, கொஞ்சம் பாருங்க சார்” என்றார். முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. வக்கீலம்மா நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு என் மேல் வருத்தம். கேன்டீனில் பேசுவதில்லை.

ஆறாவது தவணை வந்த அன்று நண்பன் அதே பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனான். சகலையும் வந்திருந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கொஞ்சம் விறைப்பாக, ஆனால் ஒரே சால்னா கிண்ணத்தில் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். சர்வர் பில்லைக் கொண்டுவந்தார். நண்பன் அதை அப்படியே என் பக்கம் தள்ளினான்.

“பத்திரத்துக்கு வாங்கின ஃபீஸைத் திருப்பிக் குடு மாப்ளே.”

மூன்று பேருக்கும் சேர்த்து 410 ரூபாய். கொடுத்துவிட்டேன்.