சிக்கனமாக ஒரு சூட்

தெற்கேயிருந்து வடக்கே உத்தியோகம் பார்க்க வருபவர்களுக்கு முதல் குளிர்காலம் ஒரு புதிய பாடத்தைக் கற்பிக்கிறது. ஊரில் ஆண்டு முழுவதும் பருத்தி ஆடையோடு காலம் தள்ளியவர்கள், தில்லியில் ஜனவரி இரவுகள் 7 டிகிரி அளவுக்கு இறங்கும்போதுதான் கம்பளியின் அருமையை உணருகிறார்கள். குளிரைத் தாங்க ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் போதும் என்று சொல்லலாம்; அது உண்மையே. ஆனால் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு, மேலதிகாரி வீட்டுத் திருமணம், மகன் வேலைக்குப் போகும் முதல் நாள் என்று சில வேளைகள் வருகின்றன. அப்போது சூட் என்ற உடையைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதாகிறது. மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும் செலவு அது. அறிந்து வாங்கினால் பத்து ஆண்டுகள் உழைக்கும். அறியாமல் வாங்கினால் அலமாரியில் தொங்கி, பார்க்கும்போதெல்லாம் மனத்தை உறுத்தும். ஆகவே, நேயர்களே, துணிக்கடைக்குள் நுழையுமுன் அறிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், நமக்கு வேண்டியது எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கோட்டும் கால்சராயும் ஒரே துணியில் அமைந்தால் அது சூட். கழுத்துவரை பொத்தானிட்டு மூடும் 'பந்த் கலா' என்ற கோட்டும் உண்டு. மூடிய கழுத்து என்பதே அச்சொல்லின் பொருள். ஜோத்பூர் நகரின் பெயரோடு இணைத்து வழங்கப்படும் இந்தக் கோட்டு அரசு விழாக்களிலும் மதிப்புப் பெற்றது. இதற்கு டை தேவையில்லை. உள்ளே அணியும் சட்டை பழையதாயினும் வெளியே தெரியாது. வேறு நிறக் கால்சராயோடும் பொருந்தும். சிக்கனத்தை நாடுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம். சூட்டே வேண்டுமென்றால் நிறத்தில் துணிச்சல் வேண்டா. கருநீலமோ நடுத்தரச் சாம்பல் நிறமோ பகலுக்கும் இரவுக்கும், அலுவலகத்துக்கும் திருமணத்துக்கும் ஏற்கும். கறுப்பு நிறம் விழாவுக்குப் பொருந்துமேயன்றி அன்றாட வேலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தூசும் அதில் பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட துணிக்குக் கூடுதலான அளவு வேண்டும். கட்டங்களைத் தையலில் பொருத்தத் தவறினால் அழகே கெட்டுவிடும்.

அடுத்தது துணி. கம்பளியில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. நீண்ட இழைகளைச் சீவி, குட்டையானவற்றை நீக்கி, இறுக முறுக்கி நெய்வது வர்ஸ்டெட். வழவழப்பானது, மடிப்பு நிற்பது. குட்டை இழைகளால் நெய்த ட்வீட், பிளானல் போன்றவை தடிப்பும் மென்மையும் உடையவை. முழுச் சூட்டுக்கு வர்ஸ்டெட் ஏற்றது. எடையைக் கேட்டறிவது அவசியம். ஒரு மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் வரை எடையுள்ள துணி மும்பை, ஹைதராபாத் போன்ற இடங்களுக்கு உகந்தது. தில்லி, சண்டிகர், லக்னோ குளிருக்கு 340 கிராமோ அதற்கு மேலோ இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு சூட்தான் என்றால் நடுத்தர எடையே விவேகம். கடும் குளிரில் உள்ளே ஒரு கையில்லா ஸ்வெட்டர் அணிந்துகொள்ளலாம்.

இந்த நாட்டின் கம்பளித் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. கான்பூரில் 1876இல் தோன்றிய ஆலையின் துணி 'லால் இம்லி' என்ற பெயரால் புகழ் பெற்றது. சிவப்புப் புளி என்பது அதன் பொருள். பஞ்சாபில் தாரிவால் ஆலை 1880இல் எழுந்தது. இவ்விரண்டையும் நடத்திய நிறுவனம் 1981இல் தேசியமயமாயிற்று. பின்னர் அவற்றின் தறிகள் ஓய்ந்து போயின. தாணாவில் 1925இல் தொடங்கி 1944இல் சிங்கானியா குடும்பத்தின் கைக்கு வந்த ரேமண்ட் ஆலையின் பெயரும் வீடுதோறும் பரவியது. ஆயினும் பெயரை மட்டும் நம்பித் துணி வாங்குவது போதாது. ஒரே ஆலையின் பெயரால் உயர்ந்த கம்பளியும் வரும், முழுக்க செயற்கை இழையும் வரும். துணியின் ஓரத்தில் நெய்தோ அச்சிட்டோ இருக்கும் எழுத்துக்களைப் படிக்க வேண்டும். எந்த இழை எத்தனை சதவீதம் என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். தூய புதுக் கம்பளிக்கு அடையாளமாக 1964இல் 'உல்மார்க்' என்ற முத்திரை உலகெங்கும் அறிமுகமாயிற்று.

'சூப்பர் 100', 'சூப்பர் 120' என்ற எண்களைக் கண்டு மயங்குவோரும் உளர். அவை இழையின் நுண்மையைக் குறிப்பன. 'சூப்பர் 100' என்றால் இழையின் சராசரிப் பருமன் 18.75 மைக்ரானுக்கு மேற்படாது என்று பொருள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் ஏற ஏறத் துணி மென்மையாகும், விலை ஏறும், உழைப்போ குறையும். தினமும் பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் செல்பவருக்கு 100ஐத் தாண்டிய எண் தேவையில்லை. கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த துணியும் இழிவானதன்று. பாதிக்குக் குறையாமல் கம்பளி இருந்தால் அது அன்றாட உடைக்கு நன்றாகவே உழைக்கும். கலப்புத் துணியைத் தூய கம்பளியின் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய பரீட்சைகள் உண்டு. துணியின் ஒரு மூலையை முஷ்டிக்குள் அரை நிமிஷம் இறுகப் பிடித்து விடுங்கள். நல்ல கம்பளி சுருக்கத்தை உதறிவிட்டு மெல்ல நிமிரும். அடுத்து, ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கடைக்கு வெளியே தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி மெதுவாக எரிந்து, தலைமயிர் கருகும் நாற்றம் வீசும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். நாற்றமும் வீசி மணியும் திரண்டால் அது கலப்பு.

எவ்வளவு துணி வேண்டும்? சூட் துணி பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலத்தில் வருகிறது. நடுத்தர உயரமுள்ளவருக்குக் கோட்டுக்கும் ஒரு கால்சராய்க்கும் 3 முதல் 3.25 மீட்டர் போதும். இயலுமானால் இன்னும் 1.25 மீட்டர் அதே சுருளிலிருந்து வாங்கி, இரண்டாவது கால்சராயையும் தைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து முதலில் தேய்வது கால்சராயே. அது போனால் கோட்டும் வீணாகிறது. பின்னொரு நாள் அதே நிறம் தேடிப் போனால், வேறு சாயத் தொகுதியில் வந்த துணி சற்றே வேறுபட்டிருக்கும். சிறிய கையிருப்பு உள்ளவர்கள் சுருளின் முடிவில் மிஞ்சும் கட் பீஸ்களைக் கேட்டுப் பார்க்கலாம். சூட்டுக்குப் போதிய அளவு அமைந்தால் விலையில் நல்ல லாபம் கிடைக்கும். பிப்ரவரி மாதக் கழிவு விற்பனையில் துணி வாங்கி, அடுத்த குளிருக்குத் தைத்துக்கொள்வது அதனினும் மேல்.

செலவை எப்படிப் பங்கிடுவது? கையில் உள்ள பணம் முழுவதையும் துணியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு அகப்படும் தையற்காரரைத் தேடுவோர் பலர். இது தலைகீழ்க் கணக்கு. நடுத்தரத் துணியும் தேர்ந்த கையும் சேர்ந்தால் கண்ணியமான உடை பிறக்கும். உயர்ந்த துணியைத் தேராத கையில் கொடுத்தால் இரண்டும் கெடும். துணிக்கும் தையலுக்கும் சரிபாதியாக ஒதுக்குவது நல்ல வழி.

கோட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் உயிர். மார்புப் பகுதியில் துணிக்கும் உள்துணிக்கும் இடையே ஓர் அடுக்கு உண்டு. குதிரை மயிர் கலந்த கித்தானை அங்கே கையால் தைத்து வைப்பது பழைய முறை. பசை பூசிய துணியை இஸ்திரிச் சூட்டில் ஒட்டிவிடுவது மலிவான முறை. ஒட்டிய கோட்டு புதிதில் விறைப்பாக அழகு காட்டும். சலவைகள் பல கண்டபின் பசை விட்டுக் கொப்புளம் கிளம்பலாம். முழுக் கித்தானுக்குக் கூலி மிகுதி. மார்புக்கும் மடி கழுத்துக்கும் மட்டும் கித்தான் வைத்து, கீழ்ப்பகுதியை ஒட்டித் தைக்கும் பாதிக் கித்தான் முறை நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. ஆர்டர் கொடுக்கும்போதே இதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

தையற்காரரிடம் போகும் காலமும் முக்கியம். தீபாவளிக்குப் பின் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி கழிந்ததும் வட இந்தியாவில் திருமணங்கள் தொடங்கிவிடும். அப்போது கடைகளில் கூட்டம் நெருக்கும். அவசரத் தையலே கிடைக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கொடுத்தால் அதே கை நிதானமாக வேலை செய்யும். அளவு கொடுக்கப் போகும்போது, சூட்டோடு அணியப்போகும் சட்டையையும் காலணியையும் அணிந்து செல்லுங்கள். பையிலுள்ளவற்றை எடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தாமல் வழக்கம்போல் நில்லுங்கள்.

நம்மவர்களுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மொழி தெரியாத கூச்சத்தால், தையற்காரர் எதைக் கேட்டாலும் 'டீக் ஹை' என்று தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிறோம். பணம் நம்முடையது, உடலும் நம்முடையது. ஆகவே சில சொற்களைக் கற்றுக்கொள்வது நலம். தோள் 'கந்தா', மார்பு 'சாத்தி', இடுப்பு 'கமர்', கை 'ஆஸ்தீன்', உள்துணி 'அஸ்தர்'. இறுக்கம் 'தங்', தளர்வு 'டீலா'. 'தோடா டீலா கர் தீஜியே' என்றால், சற்றுத் தளர்த்திக் கொடுங்கள் என்று பொருள். எல்லாவற்றிலும் முக்கியமான சொல் 'கச்சி சிலாயி'. வெட்டிய துணியை நீண்ட ஓட்டுத் தையலால் இணைத்து, உடலில் போட்டுப் பார்க்கும் கட்டம் அது. அதைப் போட்டுப் பார்க்காமல் முழுத் தையலுக்குச் சம்மதிக்காதீர்கள்.

போட்டுப் பார்க்கும்போது நோக்க வேண்டியவை ஐந்து. தோள் தையல் நம் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். கோட்டுக் கழுத்து சட்டைக் காலரை ஒட்டி நிற்க வேண்டும், இடையில் பிளவு தோன்றலாகாது. பொத்தானிட்டால் வயிற்றில் குறுக்கே சுருக்கங்கள் இழுத்தால் கோட்டு இறுக்கம். கையின் நுனியில் சட்டை அரை அங்குலம் தெரிய வேண்டும். கோட்டின் நீளம் பின்பகுதியை மறைக்க வேண்டும். கைகளை முன்னே நீட்டியும், நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்ப்பது அரைப் பரீட்சையே.

தையலுக்குள் மிச்சத் துணி விடச் சொல்ல மறவாதீர்கள். கால்சராயின் பின் நடுத்தையலில் ஒன்றரை அங்குலம், அடிமடிப்பில் இரண்டு அங்குலம், கோட்டுக் கையில் ஓர் அங்குலம் என்று இருந்தால், உடல் பருத்தாலும் உடை நம்மைக் கைவிடாது. கை நுனியில் பொத்தான்கள் இருக்கட்டும். காஜா வெட்ட வேண்டா. வெட்டிவிட்டால் பின்னர் நீளத்தை மாற்றுவது கடினம்.

ஆயத்த உடையை வாங்குவோருக்கும் இதே நியாயம். கால்சராயின் நீளம், இடுப்பு, கோட்டுக் கையின் நீளம் ஆகியவற்றைச் சிறு கூலியில் திருத்தலாம். தோளைத் திருத்துவதோ கோட்டையே பிரித்துத் தைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே தோளைப் பார்த்து வாங்குங்கள். மற்றவற்றைத் தையற்காரரிடம் விடுங்கள். ஒரே ஒரு திருமண நாளுக்கு மட்டும் வேண்டுவோர் வாடகைக்கு எடுப்பதிலும் குறைவில்லை.

கடைசியாகப் பராமரிப்பு. வேட்டியைப் போல் கம்பளியை அடிக்கடி வெளுக்கக் கூடாது. அணிந்து கழற்றியதும் அகன்ற தோளுள்ள மரத் தொங்கியில் மாட்டி, தூரிகையால் தூசு தட்டி, ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை உலர் சலவை போதும். இஸ்திரி போடும்போது மேலே ஈரத்துணி விரிக்க வேண்டும். இல்லையேல் பளபளப்பு ஏறிவிடும். கோடையில் எடுத்து வைக்குமுன் சுத்தம் செய்வது கட்டாயம். வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தையே அந்துப் பூச்சியின் புழு முதலில் நாடுகிறது. துணி உறையில் இட்டு அந்துருண்டை போட்டு வைத்தால் அடுத்த குளிருக்கு அப்படியே எடுக்கலாம்.

நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பெறுவது அறிவேயன்றிக் கோட்டன்று. எனினும், கழுத்து உறுத்தாமல், தோள் இறுக்காமல், உடையைப் பற்றிய நினைவே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இளைஞன் கேட்ட கேள்விக்கு மனத்தைக் கொடுக்க முடிகிறது. அவனுக்கு அந்த நிம்மதியை அளிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாங்குமுன் கொஞ்சம் விசாரணை, தைக்குமுன் கொஞ்சம் பேச்சு, தைத்தபின் கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். தையலுக்குள் விட்ட மிச்சத் துணி மட்டும் போதுமானதாக இருந்தால், தந்தைக்குத் தைத்த கோட்டு ஒரு நாள் மகனுக்கும் பொருந்தும்.