அண்ணே, பில் வந்துருச்சா?

மார்ச் 31 சாயங்காலம் ஏதாவது ஓர் ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் ஒரு நல்ல வேடிக்கையைத் தவறவிட்டவர்கள்! கேஷ் கவுன்டரில் நோட்டு எண்ணும் மெஷின் ஓயவே இல்லை. பிரின்டர் சூடேறிக் கிடக்கிறது. “சார், இந்த ஒரு புரொபோசலை மட்டும் இன்னைக்கே கம்ப்ளீட் பண்ணிருங்க சார்” என்று மூன்று மேஜைகளில் மூன்று பேர் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். டெவலப்மென்ட் ஆபீசர் காதுக்கொரு போனை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் ‘ஆமா, ஆமா’ போடுகிறார். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்த ஓர் அக்கா, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் பறக்கிறார். மேனேஜர் அறையிலிருந்து அரைமணிக்கு ஒரு தரம் ஒரே கேள்வி: “எத்தனை லைஃப் ஆச்சு?”

லைஃப்! நாம் எல்லாரும் இங்கே ‘லைஃப்’தான். நீங்கள் ஒரு லைஃப், நான் ஒரு லைஃப், போன வாரம் பிறந்த உங்கள் பேரனும் வெகுசீக்கிரம் ஒரு லைஃப்.

ஏஜென்ட்டை நமக்குத் தெரியும். வீட்டு சோபாவில் உட்கார்ந்து, காபியைப் பாதி குடித்துவிட்டு, “உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா...” என்று தொடங்கி, உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றுபவர். அவர் வாயை வைத்துப் பிழைக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கிறது. திரைக்குப் பின்னால் போனால்தான் தெரிகிறது, அவர் பிழைப்பு இரண்டு காகிதங்களில் தொங்குகிறது. ஒன்று, அப்பாயின்ட்மென்ட் லெட்டர். இன்னொன்று, கமிஷன் பில்.

கோடு போட்டாச்சா?

முதல் காகிதம் எப்படிப் பிறக்கிறது? டெவலப்மென்ட் ஆபீசருக்கு (அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் ‘டி.ஓ.’) எந்நேரமும் ஒரு தேடல். ஊரில் யாருக்கு ஆள் பழக்கம் அதிகம்? ரிட்டையர்டு வாத்தியார், தையல் கடை அக்கா, மகளிர் குழுத் தலைவி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலே நாலு பேர் நலம் விசாரிக்கும் மனிதர்... இவர்களைப் பார்த்தால் டி.ஓ.வுக்குக் கண் மின்னும். ஏஜென்ட்டுகள் பிடிக்கும் பிசினஸ்தான் அவருக்கும் சோறு.

பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். பயிற்சி வகுப்பு, பிறகு ஐசி-38 என்ற தேர்வு. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் பாஸ். தமிழிலேயே எழுதலாம். “18 கேள்விக்குச் சரியாப் போட்டா நீங்களும் அட்வைசர்!” என்று டி.ஓ. தோளில் தட்டுவார். அதன்பின்தான் ஏஜென்சி எண் வரும். அதற்கு இவர்கள் மொழியில் ‘கோடு போட்டாச்சு’.

ஒரு காலத்தில் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் கொடுத்தது ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 ஏப்ரல் முதல் புதிய விதிகள் வந்தன. லைசென்ஸ் போய், கம்பெனியே நேரடியாக நியமிக்கும் முறை வந்தது. அங்கேயும் ஒருவனுக்கு ஒருத்திதான்! ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டுக்கு ஒன்று, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒன்று. அமெரிக்காவில் தனித்து இயங்கும் ஏஜென்ட் ஒருவர் பத்து ஆயுள் கம்பெனிகளின் நியமனத்தை ஒரே பையில் வைத்துக்கொண்டு சுற்றலாம். நம் ஊரில் இரண்டாவது ஆயுள் கம்பெனி என்று போனால் பான் எண்ணைத் தட்டியதும் முதல் கம்பெனி திரையில் வந்து நிற்கும். முறைப்படி விலகி, பழைய கம்பெனியிடம் விலகல் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் அடுத்த வாசலை மிதிக்க முடியும்.

இதில் ஒரு ரகசியம், ஊரறிந்த ரகசியம்: பலர் வீட்டில் கோடு மனைவி பேரில், பேச்சு கணவர் வாயில். அவர் எங்கோ சம்பள வேலையில் இருப்பார், தன் பேரில் ஏஜென்சி எடுக்க முடியாது. கிளையில் பாராட்டு விழா வைத்து ஷீல்டு கொடுக்க அம்மணியை மேடைக்கு அழைக்கும்போது, கீழே முதல் வரிசையில் கைதட்டுகிறவரின் பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே!

ஷீல்டு என்றதும் நினைவு வருகிறது. எல்.ஐ.சி.யில் கிளை மேலாளர் கிளப்பில் தொடங்கி, கோட்டம், மண்டலம் என ஏறி, சேர்மன் கிளப் வரை படிகள் உண்டு. ஏறினால் வாகனக் கடன், பண்டிகை முன்பணம் போன்ற சலுகைகள். அதற்கும் மேலே, 1927-ல் அமெரிக்காவில் தொடங்கிய, காப்பீட்டு விற்பனையில் முன்னணியில் இருப்பவர்களுக்கான எம்.டி.ஆர்.டி. அமைப்பு. விசிட்டிங் கார்டில் அந்த நாலெழுத்து ஏறிவிட்டால் கோட்டும் டையும் தானாக வந்துவிடும், மே மாத மதுரை வெயிலிலும்.

ஏறாவிட்டால்? எல்.ஐ.சி. ஏஜென்ட் தன் ஏஜென்சி ஆண்டுக்குள் குறைந்தது 12 லைஃப் கொண்டுவர வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்காது. அவரவர் நியமன தேதியில் தொடங்கும். ஆகவே ஏஜென்ட்டுக்கு வருஷக் கடைசி இரண்டு: மார்ச்சில் ஊரோடு ஒன்று, தனக்கென்று தனியே ஒன்று. திடீரென்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஏஜென்ட் தன் மச்சான், மாப்பிள்ளை, பால்காரர் எல்லாரையும் துரத்துகிறார் என்றால் காரணம் கேட்காதீர்கள். கோடு போட்ட தேதி நெருங்குகிறது.

பிரிவு 41-ம் ஒரு சிரிப்பும்

“அதெல்லாம் சரி, எனக்கு எவ்வளவு விட்டுத் தருவீங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு உண்டா? ஏஜென்ட்டும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவே இருக்கிறது. 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி கமிஷனில் பங்கு கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. முன்பு அபராதம் 500 ரூபாய் வரை. 2015 திருத்தத்துக்குப் பிறகு பத்து லட்சம் வரை! நீங்கள் கையெழுத்துப் போடும் முன்மொழிவுப் படிவத்திலேயே இது அச்சாகியிருக்கிறது. அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டேதான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

நீள நோட்டு

இப்போது இரண்டாவது காகிதம். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கும் ஓர் அண்ணன், “பேர் மட்டும் போட்ராதீங்க” என்ற நிபந்தனையோடு தன் நோட்டைக் காட்டினார். மளிகைக் கடைகளில் கிடக்கும் நீளமான கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஐந்து பத்தி: பாலிசி எண், பேர், டியூ மாதம், பிரீமியம், வரவேண்டிய கமிஷன். ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள்: ‘மகள் கல்யாணம் தை மாசம்’, ‘துபாய் போயாச்சு, சம்சாரம் நம்பர்’, ‘காலையில் போன் பண்ணக் கூடாது’. கம்பெனி ஆப், போர்ட்டல் எல்லாம் கையில் இருக்கிறது. ஆனாலும் கமிஷன் பில் வந்ததும் அதை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து, நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு சிவப்பு மையில் டிக் போடுவார். டிக் விழாத வரிகள்தான் அந்த மாத வேட்டை.

வரி ஏன் விழாமல் போகிறது? அண்ணன் விரல் விட்டு எண்ணினார். பார்ட்டி கட்டிய செக் திரும்பியிருக்கும். வங்கி ஆட்டோ டெபிட்டில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆகியிருக்கும். கெடு நாளும் தாண்டி பாலிசி லேப்ஸ் ஆகியிருக்கும். சில சமயம் வரி இருக்கும், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு! பாலிசி பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் ‘வேண்டாம்’ என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டால், கொடுத்த கமிஷனைக் கம்பெனி அடுத்த பில்லில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஏஜென்ட் வீட்டு மிக்ஸி வாங்கியாகிவிட்டது என்பது கம்பெனிக்குத் தெரியாது.

இதெல்லாம் நியாயமான காரணங்கள். இவை எதுவுமே இல்லாமல், பணம் கட்டிய ரசீது கையில் இருக்க, வரி மட்டும் காணாமல் போவதும் உண்டு. ஒருமுறை பாலிசி ஒன்று வேறு கிளைக்கு மாறியபோது அண்ணனின் கோடு அதனுடன் போய்ச் சேரவில்லை. “பாலிசி போயிருச்சு, நான் இங்கேயே நின்னுட்டேன்” என்று சிரித்தார். ரசீது நகல், மனு, நினைவூட்டல், மறுபடி ரசீது நகல். கிளார்க் மாறினார், மறுபடி மனு. கடைசியில் மொத்தமாகச் சேர்த்து வந்தது. கிளைக்கு வெளியே டீக்கடையில் ஏஜென்ட்டுகள் சந்தித்தால் முதல் விசாரிப்பு இதனால்தான்: “அண்ணே, பில் வந்துருச்சா?” நல்லாருக்கீங்களா என்பதற்கு இங்கே அதுதான் மாற்றுச் சொல்.

எத்தனை ரூபாய், சொல்லுங்களேன்!

ஆவலை அடக்க முடியவில்லை இல்லையா? கணக்கைப் போட்டுவிடலாம். எல்.ஐ.சி.யில் நீண்டகால எண்டோமென்ட் பாலிசி, ஆண்டு பிரீமியம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். நெடுங்காலமாக இருந்த கணக்குப்படி முதல் ஆண்டு 25 சதவீதம் கமிஷன். தகுதியுள்ள ஏஜென்ட்டுக்கு அந்தக் கமிஷன் மேல் 40 சதவீதம் போனஸ். ஆக 35 சதவீதம், 10,500 ரூபாய். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஏழரை சதவீதம், 2,250. அதற்குப் பிறகு 5 சதவீதம், 1,500.

2024 அக்டோபரில் ஆட்டம் மாறியது. பாலிசியை முன்கூட்டியே முறிப்பவர்களுக்குக் கூடுதல் சரண்டர் தொகை தர வேண்டும் என்ற புதிய விதி அமலுக்கு வர, எல்.ஐ.சி. கமிஷனையும் மாற்றி அமைத்தது. முதல் ஆண்டு 35-லிருந்து 28 சதவீதம். பின்னாண்டுகளில் 5-லிருந்து ஏழரை. நம் உதாரணத்தில் முதல் ஆண்டு 2,100 ரூபாய் குறைவு. நாலாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 750 கூடுதல். கூட்டிக் கழித்தால் பாலிசி நிலைத்து ஓடினால் ஏஜென்ட்டுக்கு லாபம்தான். ஆனால் அன்றாடம் பெட்ரோல் போட முதல் ஆண்டுப் பணத்தையே நம்பியிருப்பவருக்கு ஆறு வருஷம் கழித்து வரும் லாபம் எந்த மூலைக்கு? ஏஜென்ட் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின.

2025 செப்டம்பர் 22-ல் இன்னொரு திருப்பம். தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது! வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம், ஏஜென்ட்டும் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினார். பிறகுதான் கணக்கு புரிந்தது. ஏஜென்ட் கமிஷனுக்கான வரியைக் கம்பெனி கட்டி, பிறகு அதைக் கழித்துக்கொள்ளும். பாலிசிக்கு வரி இல்லை என்றானதும் அந்தக் கழிவும் போயிற்று. சில கம்பெனிகள், ‘இனி கமிஷன் என்றால் வரியும் சேர்த்துத்தான்’ என்று சொல்லிவிட்டன. அப்படியானால் 100 ரூபாய் வந்த இடத்தில் கைக்கு வருவது ஏறத்தாழ 85.

பாலிசி நிலைத்தால்தான் பணம் என்ற பாடத்தைத்தான் எல்.ஐ.சி.யின் ‘பீமா சகி’ திட்டமும் சொல்லிக்கொடுக்கிறது. 2024 டிசம்பரில் பானிபட்டில் தொடங்கிய இத்திட்டத்தில் பெண் ஏஜென்ட்டுகளுக்கு முதல் ஆண்டு மாதம் 7,000, பிறகு 6,000, பிறகு 5,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் இரண்டாம் ஆண்டுத் தொகை வேண்டுமென்றால் முதல் ஆண்டில் பிடித்த பாலிசிகளில் 65 சதவீதமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

போனவரும் வந்தவரும்

ஏஜென்சி நின்றுபோனால் பழைய பாலிசிகளின் கமிஷன் என்னாகும்? எல்.ஐ.சி.யில் உரிய காலம் ஏஜென்சி நடத்தியவருக்கு அது தொடரும். இறந்துபோனால் வாரிசுக்கும் வரும். இதற்குப் பேரே வாரிசு கமிஷன். ஏஜென்ட் எழுதிக்கொடுத்த பாலிசிகள் அவர் குடும்பத்துக்கே ஒரு பாலிசி ஆகிவிடுகின்றன. ஆனால் கோடு ரத்தாகி, மறுபடி நியமனம் வாங்கித் திரும்பி வந்தவருக்கு, பழைய கோட்டில் பிடித்த பிசினஸின் கமிஷன் கிடைக்காமல் இருந்தது. தன் கையால் நட்ட மரம், பழம் மட்டும் இல்லை! 2023 செப்டம்பரில் ஒன்றிய நிதி அமைச்சகம் அந்தக் கதவைத் திறந்துவிட ஒப்புதல் தந்தது. அதே அறிவிப்பில் ஏஜென்ட் கிராஜுவிட்டி உச்சவரம்பும் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்டுகள் உள்ள நிறுவனத்தில் இது சின்னச் செய்தியா?

உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று பாக்கி. உங்கள் கிளெய்மைக் கம்பெனி மறுத்தால் நீங்கள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லாமல். அந்த மனுவை எழுத உதவுகிறவர் பெரும்பாலும் உங்கள் ஏஜென்ட்தான். அவருடைய கமிஷன் வரவில்லை என்றால் அதே வாசலில் அவருக்கு இடம் இல்லை. அது பாலிசிதாரருக்கான வாசல். அவர் கிளைக்கு, கோட்டத்துக்கு, சங்கத்துக்கு, கடைசியில் கோர்ட்டுக்கு என்றுதான் நடக்க வேண்டும். 2,250 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவார்? ஆகவேதான் நீள நோட்டும் சிவப்பு மையும்.

ஆகவே அடுத்த முறை, நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “சார், டியூ வந்துருச்சு, மறந்துராதீங்க” என்று போன் வந்தால் எரிச்சல்படாமல் எடுங்கள். பாதி அக்கறை உங்கள் குடும்பத்தின் மேல், சத்தியமாக! மீதிப் பாதிக்குப் பேர் ஏழரை சதவீதம்.