நெய்வேலிக் கரியில் டி.என்.ஏ. ஏன் இல்லை?

நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாகக் கரி வெளிப்பட்டது 1961 இல். பக்கெட் வீல் எந்திரங்கள் இன்றும் வெட்டிக் குவிக்கும் அந்தப் பழுப்பு நிலக்கரியில், நார் தெளிவாகத் தெரியும் மரத்துண்டுகள் கிடைக்கின்றன. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே நின்ற காட்டின் மிச்சம் அது. நாரே மிஞ்சியிருக்கும்போது, அது என்ன மரம் என்று சொல்லும் டி.என்.ஏ.வும் மிஞ்சியிருக்காதா? மிஞ்சாது. காரணம் அந்த மூலக்கூறின் அமைப்பிலேயே இருக்கிறது.

டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு நியூக்ளியோடைடு. ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், நைட்ரஜன் உள்ள ஒரு காரம் இருக்கும். காரங்கள் நான்கே வகை: அடினைன், குவானைன், தைமின், சைட்டோசின். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்து நீண்ட இழையாகின்றன. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு இழைகள் முறுக்கிய நூலேணி போலச் சுற்றிக்கொள்ள, காரங்கள் உள்ளே படிகளாகின்றன. அடினைன் சேர்வது தைமினோடுதான், இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால். குவானைன் சேர்வது சைட்டோசினோடு, மூன்று பிணைப்புகளால். இந்த ஜோடி மாறாததால்தான் ஓர் இழையை வைத்தே மற்றதைச் செல் உருவாக்கிக்கொள்கிறது. இந்த ஏணியின் அகலம் 2 நானோமீட்டர்தான். 1953 இல் இந்த வடிவத்தைச் சொன்னவர்கள் வாட்சனும் கிரிக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம் அவர்களுக்குப் பெரிய சான்றாக இருந்தது. அவர் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

இத்தனை நேர்த்தியான அமைப்புக்குப் பகை தண்ணீர். காரமும் சர்க்கரையும் சேரும் இடத்தைத் தண்ணீர் மெல்ல அறுக்கிறது. அடினைனும் குவானைனும்தான் எளிதில் உதிர்பவை. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான காரங்கள் இப்படி உதிர்கின்றன, உடனுக்குடன் நொதிகள் அவற்றைச் சரிசெய்கின்றன. இந்தப் பழுதுபார்ப்பை விளக்கிய தோமஸ் லிண்டால் 2015 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மரம் செத்தால் பழுதுபார்ப்பு நின்றுவிடும். உதிர்ந்த இடங்களில் இழை அறுந்து, துண்டு துண்டாகிக் கரைந்துபோகும். வெப்பம் இதை இன்னும் விரைவாக்கும். நெய்வேலியில் வெப்பம், தண்ணீர் இரண்டுக்கும் குறைவில்லை: வெயில் தெரிந்ததே, கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே முட்டுவதால், அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும்.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும், மகரந்தத்தின் வெளிக்கூடும் வேறு வகை. அவை எளிதில் சிதையாததால் தங்கிவிட்டன. ஆகவே அந்தக் காட்டின் மரங்களை ஆய்வாளர்கள் கரியிலுள்ள மகரந்தத்தைக் கொண்டு நுண்ணோக்கியில்தான் இனம் காண்கிறார்கள். டி.என்.ஏ.வோ குளிரில்கூட அவ்வளவு காலம் தாங்கியதாகத் தெரியவில்லை: 2022 இல் கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து படித்தெடுத்த டி.என்.ஏ.வுக்கே வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள்தான்.