கையடக்க ரீடர் வாங்கும் முன்...

மொத்த வியாபாரத்தில் இருப்புக் கணக்கு சரியாக இல்லையென்றால் விற்பனையில் வந்த லாபம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். கடைகளுக்குச் சரக்கோடு போன பிளாஸ்டிக் கிரேட்டுகளில் எத்தனை திரும்பின, யாரிடம் எத்தனை நிற்கின்றன என்று சொல்ல முடியாத மண்டிகள் பல. இந்தக் குறையைத் தீர்க்க ஆர்.எப்.ஐ.டி. டேக்கும், அதைப் படிக்கும் கையடக்க ரீடரும் உதவும். சுங்கச்சாவடியில் நாம் அன்றாடம் பார்க்கும் பாஸ்டேக்கும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பார்கோடு போல ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டாம். அடுக்கின் முன் ரீடரை நீட்டினால் பல டேக்குகள் ஒருசேரப் படிக்கப்படும்.

ரீடர் படித்த எண்கள் கம்பியில்லாமல் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ போய்ச் சேர வேண்டும். அதற்குப் பல வழிகள் உள்ளன. நம் வேலைக்குப் பொருந்தாத வழியைத் தேர்ந்தெடுத்தால், போட்ட பணம் முடங்குவதோடு கணக்கும் தவறும்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே தூரம் இரண்டு. டேக்குக்கும் ரீடருக்கும் உள்ள தூரம் ஒன்று; ரீடருக்கும் போனுக்கும் உள்ள தூரம் மற்றொன்று. வை-பை ரீடர் வாங்கினால் டேக்கை அதிக தூரத்திலிருந்து படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வை-பை இரண்டாவது தூரத்துக்கு மட்டுமே உதவும்.

கீபோர்டு முறை

புளூடூத்தில் எளியது இதுவே. ரீடர் தன்னை ஒரு கீபோர்டு போலக் காட்டிக்கொண்டு, கர்சர் நிற்கும் இடத்தில் எண்ணைத் தட்டச்சு செய்யும். தனி மென்பொருள் தேவையில்லை. எக்செல் இருந்தால் போதும். ஆனால் வழக்கமான 96 பிட் டேக்கின் எண் 24 எழுத்துகள் கொண்டது. என்டரையும் சேர்த்தால், 100 கிரேட்டுக்கு 2,500 தட்டுகள். நடுவில் போன் அழைப்பு வந்தாலோ கர்சர் நகர்ந்தாலோ சில எண்கள் விடுபடும். எது விடுபட்டது என்றும் தெரியாது. ஒவ்வொன்றாகப் படிக்கும் சில்லறைக் கடைக்கு இது போதும். லாரிச் சரக்கை எண்ண ஏற்றதல்ல.

எஸ்.பி.பி., பி.எல்.இ. முறைகள்

இவையும் புளூடூத்தே, ஆனால் இவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். பேச்சு இருவழி என்பதால் மென்பொருளிலிருந்தே ரீடரின் சக்தியைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு முறை படித்த டேக்கை ஒன்றாகவே எண்ணச் செய்யலாம். சக்தி அதிகமானால் பக்கத்து அடுக்கின் டேக்குகளும் படிக்கப்பட்டு, வராத சரக்கு வந்ததாகக் கணக்கில் ஏறும். ஆகவே இந்த வசதி மொத்த வியாபாரிக்கு முக்கியம்.

எஸ்.பி.பி. ஆண்ட்ராய்டு போனிலும் விண்டோஸிலும் வேலை செய்யும். ஐபோனில், ஆப்பிள் ஒப்புதல் பெற்ற கருவியானால் மட்டுமே இயலும். பி.எல்.இ. இரண்டு வகைப் போன்களிலும் இயங்கும். பேட்டரிச் செலவும் குறைவு. சாதாரண புளூடூத் சுமார் 10 மீட்டர் என்று கொள்ளலாம். ஆகவே போனைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கிடங்கின் கோடிக்குப் போகக் கூடாது. கையில் இருக்க வேண்டும்.

வை-பை முறை

பெரிய கிடங்கில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் எண்ணினால் இதுவே உகந்தது. எண்கள் நேராக அலுவலகக் கம்ப்யூட்டருக்குச் சென்றுவிடும். ஆனால் மூட்டை அடுக்குகளும் இரும்புத் தகடுகளும் அலையைத் தடுக்கும். ஒரு ரூட்டர் போதாமல் போகலாம். மின்சாரம் போனால் ரூட்டரும் நிற்கும், எனவே யு.பி.எஸ். அவசியம். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

எந்த முறையானாலும், தொடர்பு அறுந்தால் எண்களைத் தன்னுள் சேமித்துப் பிறகு அனுப்பும் ரீடராகப் பாருங்கள்.

வாங்கும் முன் சோதனை

விற்பவரை நம் கிடங்குக்கே வரச் சொல்லுங்கள். 50 கிரேட்டுகளில் டேக் ஒட்டி, கையால் எண்ணியதோடு ஒப்பிடுங்கள். எண்ணும்போதே போனை வெளியே எடுத்துச் சென்று திரும்பி வாருங்கள். இடையில் படித்தவை வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் டின்களிலும் தனியாகச் சோதியுங்கள். உலோகத்தின் மேல் சாதாரண டேக் சரியாகப் படிக்காது. அதற்கென்று தனி டேக் உண்டு. அமெரிக்க ரீடர்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. நம் நாட்டுக்கான அலைவரிசை 865-இல் தொடங்குகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று வெளிநாட்டுக் கருவியை வாங்க வேண்டாம்.

பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சோப்புக்கும் பார்கோடே போதும். அவற்றுக்கு டேக் ஒட்டுவது வீண் செலவு. போய்த் திரும்பும் கிரேட்டுகளில் தொடங்குங்கள். ஒரே வீதியில் உள்ள நாலு வியாபாரிகள் சேர்ந்து ஒரு ரீடரை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தால், நால்வருக்கும் தெளிவு கிடைக்கும்; விலை பேசவும் வசதியாக இருக்கும்.