நாற்காலிக் கட்டில்

நாற்காலிக் கட்டில் என்பது பகலில் ஒருவர் அமரும் நாற்காலியாகவும், இரவில் விரித்தால் ஒருவர் உறங்கும் கட்டிலாகவும் பயன்படும் அறைகலன் ஆகும். இந்தியக் கடைகளில் இது "சோபா கம் பெட்" வகையுள் அடங்கும். விருந்தினருக்கெனத் தனி அறை இல்லாத சிறிய வீடுகளுக்கு இது ஏற்றது.

வரலாறு

சிகாகோவில் அறைகலன் கடை நடத்திய சாரா குட், மேசையாக மடியும் கட்டிலுக்கு 1885 இல் ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமம் பெற்றார். 1931 இல் நியூயார்க்கில் பெர்னார்ட் காஸ்ட்ரோ தொடங்கிய நிறுவனம், சோபாக் கட்டில்களை அந்நாட்டில் பரவலாக அறியச் செய்தது.

வகைகள்

* இழுப்பு வகை: இருக்கையின் அடிச்சட்டம் முன்னோக்கி இழுக்கப்படும், முதுகுச் சாய்வு படுக்கையின் ஒரு பகுதியாகும்.
* மடிப்பு வகை: இருக்கைக்குள் மடிந்திருக்கும் உலோகச் சட்டமும் மெத்தையும் வெளியே விரியும்.
* நுரை வகை: சட்டம் இல்லை; நுரைமெத்தைத் துண்டுகள் தரையில் விரியும். எடை குறைவு, எனினும் தரைமட்டத்திலிருந்து எழுவது முதியோருக்குக் கடினம்.

தெரிவு செய்தல்

இருக்கை பின்புறம் சற்றுச் சரிந்திருந்தால் அமர்வதற்கு இதமாக இருக்கும். படுக்கையோ சமதளமாக இருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் முரண்படுவதால், அமர்ந்து பார்த்து மட்டும் இதன் தரத்தை அறிய இயலாது. விரித்துப் படுத்துப் பார்த்தல் வேண்டும்.

உடலின் எடை இடுப்புப் பகுதியில் மிகுதியாக அழுந்தும். அவ்விடத்தில் மெத்தையின் இணைப்போ சட்டத்தின் குறுக்குக் கம்பியோ உறுத்தினால் உறக்கம் கெடும். படுக்கையின் நீளம் உறங்குபவரின் உயரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. கூடுதலாக இருப்பது நன்று. விரித்த பின்னும் கதவு திறக்கவும், ஒருவர் நடக்கவும் இடம் உள்ளதா என அறையை முன்கூட்டியே அளக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீடுகளில், மடியும் கீல்களில் விரல் சிக்காத அமைப்பைத் தேர்வது பாதுகாப்பானது.