உங்களுக்குத் தெரியுமா? தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை

● 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அந்த மழையில் வந்த வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர்தான் வாயில் வரும். ஆனால் அன்று அங்கே பதிவானது 47 செ.மீ.தான்.

● அன்று மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாறு ஆறாகத் திரளும் இடத்தில் இருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் இங்கே ஆறாகிறது. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபோது முடிச்சூர் செங்கல்பட்டுக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரத்துக்கும் போய்விட்டன. ஒரே ஆற்றின் கரைக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள்.

● சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். இந்த வழியில் பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி, சென்னை மாநகராட்சி என்று எல்லாமே இருந்தன. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து, 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது சில வேலிகள் விழுந்தன. இன்னும் மீதி உண்டு: ஏரி நீர்வளத் துறைக்கு, சதுப்பு வனத் துறைக்கு, பெரிய கட்டடங்களின் அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ). நம் பக்கத்து வெள்ளத்துக்கு மழையைவிட இந்தப் பிரிவினைதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

● 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. அப்போது சிட்லபாக்கம் மக்கள் மண்வெட்டியும் சட்டியுமாகத் தங்கள் ஏரியில் இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள், தூர் வாரினார்கள். அதன் பிறகுதான் அரசு 25 கோடி ரூபாயில் ஏரியைச் சீரமைக்க முன்வந்தது. ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற குடியிருப்போர் குழுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

● அடுத்த ஏரியான செம்பாக்கத்தைச் சீரமைக்க தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐஐடி மூன்றும் கைகோத்தன. கேர் எர்த் நிறுவனர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். தென்சென்னைப் புறநகர் பெருமைப்பட வேண்டிய சேதி.

● வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வீட்டையே தூக்கும் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய சாலையின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட, வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தை ஒட்டி உடைத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகுகிறார்கள். ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திருக, வீடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. 3, 4 அடி ஏறியதும் இடைவெளியைச் செங்கல் கட்டி அடைக்கிறார்கள். செலவு லட்சக்கணக்கில். தூக்க வழியில்லாத பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மழையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். ஊர் சேர்ந்து திட்டம் போடாவிட்டால் அவரவர் திட்டம் இப்படித்தான் முடியும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போடும்போது அவசியம் நின்று பாருங்கள்.

● 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில், தாம்பரம் மாநகராட்சியின் 6வது வார்டில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முதல்வர் மு.க.ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். கிராமசபை போல நகரத்துக்கும் வந்த ஏற்பாடு இது. கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது, தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும் என்பது அந்தத் தெருவாசிக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிப் பதிவு செய்யும் இடம் இது.

● மக்கள் பங்கேற்பு என்றால் தலையாட்டுவது மட்டுமல்ல. ஈசிஆர் ஓரக் கடற்கரைப் பகுதிகளில் மழைநீர் வடிகால் கட்ட வந்தபோது, ‘மணல்தரை தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும், வடிகால் போட்டால் நிலத்தடி நீர் போய்விடும்’ என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

● பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமானது. பரப்பு 1,247 ஹெக்டேர். சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வடிவது மந்தமாகும். கடல்மட்டம் உயர உயர இந்தத் தொல்லை கூடும். பாதிப்பு கடலோரத்தோடு நிற்காது. நீர் பின்வாங்கி நிற்கும் உட்பகுதிகளுக்கும் வரும்.

● ஏரியை ஊரே பேணுவது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் கல்வெட்டின்படி, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள்.

● நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013இல் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கம், வெயில் நாளில் விளையாட்டுத் திடல். மழை நாளில் சுமார் 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் தொட்டி. வடிவமைப்பில் அக்கம்பக்கத்தாரும் பள்ளி மாணவர்களும் உட்கார்ந்து பேசினார்கள்.

● சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியானது. அது பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்கானது. மொத்த வட்டாரத்துக்கும் பொருந்தும் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026உடன் முடிகிறது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கானது. உங்கள் ஏரியின் வரத்துக் கால்வாயும் கலங்கலும் அதன் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டிய நேரம் இதுவே.