அம்மாவைப் பார்க்கிறவளை யார் பார்ப்பது?

கிளினிக் நாளில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வயதானவர்களைக் கூட்டிவருகிறவர்கள் பெரும்பாலும் மகள்கள்தான், மருமகள்கள்தான். அங்குள்ளவர்கள் தாயின் பிறஷரைப் பார்ப்பார்கள், சீனியைப் பார்ப்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள். கூட வந்த மகளுக்குப் பிறஷர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே பாதைப் படகுக்குக் காத்துநிற்கும் கரைச்சல் தீர்ந்தது. ஆனாலும் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய நாட்கூலி போனதுதான்.

கொல்வது பராமரிப்பு அல்ல

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்கொட் பீச் இருவரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயுற்ற துணையைப் பராமரித்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பராமரிப்பதால் மனநெருக்கடிக்கு ஆளானவர்களிடையே இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடி இல்லாமல் இருந்தவர்களிடம் அந்த அபாயம் கூடவில்லை.

அந்த ஆய்வில் பராமரித்தவர்கள் கணவன் மனைவியர், பிள்ளைகள் அல்ல. என்றாலும் நம்பிக்கை கொள்ள இதில் இடம் இருக்கிறது. தாயின் முதுமையை நம்மால் நிறுத்த முடியாது. மகளின் நெருக்கடியைக் குறைக்க முடியும். "பெத்த தாயைப் பாக்கிறது புண்ணியம்" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு எழுந்து போகும் உறவினர்கள் அதைக் குறைப்பதில்லை. புகழ்ச்சிக்குப் பயந்தே பல பெண்கள் "எனக்கு ஏலாது" என்று சொல்லாமல் இருக்கிறார்கள்.

நித்திரை குழம்புவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, பிறகு அதை நினைத்து அழுவது, தாயின் குளிசையை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மறப்பது: இவை குணக்கேடு அல்ல, நெருக்கடியின் அறிகுறிகள்.

"வெளிக்கிடுவம்" என்று அம்மா சொன்னால்

மறதி நோய் வந்தவர்களுக்கு நேற்று நடந்தது அழிந்துபோகும், பழையது நிற்கும். இந்த மாவட்டத்தில் அந்தப் பழையதுக்குள் சண்டை மீண்டும் மூண்ட 1990 இருக்கிறது, மூதூரும் சம்பூரும் இடம்பெயர்ந்த 2006 இருக்கிறது, 2004 மார்கழியில் சுனாமியாய்க் கடல் வந்த காலையும் இருக்கிறது. பொழுதுபடும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்நோயில் வழக்கம். பட்டாசுச் சத்தம் கேட்டதும் அம்மா உடுப்புகளைப் பொட்டலம் கட்டத் தொடங்கலாம்; எப்போதோ இறந்துபோன தம்பியை "எங்கே" என்று தேடலாம்.

"சண்டை முடிஞ்சு எத்தனை வருசம், பேசாமல் இருங்கோ" என்று அதட்டினால் பயம் கூடும். தம்பி செத்துவிட்டான் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினால் அந்தச் சாவு அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிது. கையைப் பிடித்து "நான் பக்கத்திலதான் இருக்கிறன், கதவு பூட்டியிருக்கு" என்பதும், தம்பியைப் பற்றிக் கதை கேட்பதும் போதும். பொழுதுபட முன்னரே விளக்கைப் போட்டுவிடுங்கள். குழப்பம் திடீரென ஓரிரு நாளில் கூடினால் அது மறதி நோயாக மட்டும் இருக்காது. சிறுநீர்த் தொற்றாகவோ புது மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கனடா அண்ணனுக்கு ஒரு வேலை

வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது, ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பும் வருகிறது. "அம்மா மெலிஞ்சு போனா, சாப்பாடு குடுக்கிறியோ?" என்ற கேள்வியும் கூடவே வரும். அதைவிட உதவியான ஒன்று உண்டு. ஆவணி விடுமுறையில் ஊருக்கு வரும்போது நிலாவெளிக் கடற்கரைக்குப் போவதற்கு முன், அம்மாவைக் குளிப்பாட்டுவதையும் இரவில் எழுந்து பார்ப்பதையும் அண்ணன் பொறுப்பேற்கட்டும். அந்த நாட்களில் தங்கச்சி வேறு வீட்டில் போய்ப் படுக்கட்டும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரியும்.

உள்ளூரில் கேட்கக்கூடியவை

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. அந்தப் பொறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, வீட்டோடு இருக்கும் ஒருத்திக்கு மட்டும் அல்ல. 60 வயது கடந்தவர்களுக்கான அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிறஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பராமரிப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது. மனம் தாங்கவில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுங்கள்.